அப்பாவின் பெயரில் ஒரு கார் நம்பர்: அதற்காக நிலாவெளிக் காணியை விற்கலாமா?

கடிதம்

திருகோணமலை உவர்மலைப் பக்கத்திலிருந்து, அரச சேவையில் ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தம்பி எண்பதுகளில் லண்டனுக்குப் போய், அங்கேயே குடும்பமாகி, இரண்டு வருடங்களுக்கு முன் காலமானவர். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மரணசாசனம் எதுவும் எழுதிவைக்கவில்லை. தாய் தகப்பன் வழியில் தம்பிக்கு வந்த நாற்பது பேர்ச்சஸ் காணி நிலாவெளியில் இருக்கிறது. வேலி அடைப்பது, பற்றை வெட்டுவது, வரி கட்டுவது எல்லாம் அண்ணன்காரர்தான்.

இப்போது லண்டனிலிருந்து பெறாமகன் அடிக்கடி அழைக்கிறார். தகப்பனின் பெயரைப் போல வாசிக்கக்கூடிய ஒரு கார் நம்பர் அங்கே விற்பனைக்கு வந்திருக்கிறதாம். விலை 7,000 பவுண். "பெரியப்பா, காணியில் பத்துப் பேர்ச்சஸை வித்து அனுப்புங்கோ. இது செலவு இல்லை, முதலீடு. அஞ்சு வருசத்தில ரெண்டு மடங்காகும். அங்கே ஒரு நம்பர் அஞ்சு லட்சம் பவுணுக்குப் போயிருக்கு" என்கிறார். உள்ளூர்ப் புரோக்கர் ஒருவரும் முற்பணத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

நம் வாசகர் கேட்பது நான்கு கேள்விகள். இது பைத்தியக்காரத்தனமா? நம்பர் பிளேட் உண்மையிலேயே ஒரு சொத்தா, அப்படியென்றால் பாதுகாப்புக்காக அதைத் தன் பெயரில் வாங்கி வைக்கலாமா? தம்பி உயிரோடு இருந்தபோது எழுதித் தந்த அற்றோணித் தத்துவத்தை, அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, வைத்துக் காணியை விற்கலாமா? கடைசியாக, பெறாமகனுக்கு அலுத்துப்போனால் அந்த நம்பரை இங்கே கொண்டுவந்து தன்னுடைய காரில் பூட்டலாமா? "தம்பியின் பெயர் என் வாசலில் நிற்கும்" என்று எழுதியிருக்கிறார்.

பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நம்பர் பிளேட், மற்றது காணி. நம்பர் பிளேட்டைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. காணியைப் பற்றி நீங்கள் பயப்படாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சரி, நம்பர் பிளேட்டை முதலில் முடித்துவிட்டுக் காணிக்கு வருகிறேன்.

பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பிரித்தானியாவில் இது சாதாரண வழக்கம். சுவான்சியில் இருக்கும் டி.வி.எல்.ஏ., அதாவது சாரதிகளையும் வாகனங்களையும் பதிவு செய்யும் அரச நிறுவனம், 1989 முதல் தானே இப்படியான நம்பர்களை விற்றுவருகிறது. ஆகக்குறைந்த விலை 250 பவுண். அந்த விலைக்குப் பெயரின் முதலெழுத்துகள், பிறந்த வருடம் என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பணக்காரர் மட்டும் வாங்குகிற பொருள் என்று நினைக்க வேண்டாம். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

அதோடு, வண்டித் தகட்டில் இருக்கும் எழுத்துக்கு மனிதர்கள் ஏன் இவ்வளவு மனதைக் கொடுக்கிறார்கள் என்று திருகோணமலைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1957 தொடக்கத்தில் நம் வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' ஏறியபோது வடக்கிலும் கிழக்கிலும் தமிழரிடையே எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பது உங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அதே வருடம் பெப்ரவரி 4 ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த ஊரில்தான். 2000 இல் ஆங்கில எழுத்துத் தகடுகள் வந்தன. இப்போது நம் ஆட்களின் கவலை கூட்டெண்ணில் வந்து நிற்கிறது. கூட்டிப் பார்த்து எட்டு வந்தால், இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, காரில் அப்பாவின் பெயர் ஓடவேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை.

ஆசை ஒரு நல்ல காரணம். ஆனால் உங்கள் பெறாமகன் அதற்கு 'முதலீடு' என்று பெயர் சூட்டிவிட்டார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபடுகிறது.

ஐந்து லட்சம் பவுண் கதை

அது பொய்யல்ல. 2014 நவம்பரில் டி.வி.எல்.ஏ. ஏலத்தில், 25 என்ற எண்ணும் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் மட்டும் கொண்ட ஒரு நம்பர் 400,000 பவுணுக்குக் கேட்கப்பட்டு, வரியும் கட்டணங்களும் சேர்ந்து 518,480 பவுணில் முடிந்தது. வாங்கியவர் பழைய ஃபெராரி கார்களை விற்பவர். 25 இற்குப் பக்கத்தில் 'ஓ' நின்றால் பார்வைக்கு அது 250. ஃபெராரியின் மிக விலையுயர்ந்த பழைய மாதிரிகளின் பெயரே 250 இல்தான் தொடங்கும். அவருக்கு அது கடைக்கு முன்னால் மாட்டிய விளம்பரப் பலகை. அதற்கு முன்பு 2008 இல் 'எஃப் 1' என்ற நம்பரை எசெக்ஸ் மாவட்ட சபை விற்றபோது வரியோடு 440,625 பவுண் வந்தது. கார்ப் பந்தயத்தின் பெயரே தகட்டில் இருந்தால் உலகத்தில் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த இரண்டிலும் உள்ள பொதுவான குணத்தைப் பாருங்கள். எழுத்துகள் மிகக் குறைவு. இரண்டு, மூன்று குறிகளில் முடிந்துவிடுகிறது. எந்த நாட்டுக்காரரும், எந்தப் பெயருடையவரும் வாங்க ஆசைப்படுவார்கள். உங்கள் தம்பியின் பெயர் அப்படியல்ல. அது தமிழ்ப் பெயர், அதைத் தகட்டில் கொண்டுவருவதற்கு 'ஏ' எழுத்துக்குப் பதில் 4 உம், 'ஐ' எழுத்துக்குப் பதில் 1 உம் போட்டு, ஒரு எழுத்தை இரட்டித்து, கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் பெயர் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெறாமகனுக்கு அது உடனே தெரியும், ஏனென்றால் அது அவருடைய அப்பா. அதை நாளைக்கு விற்கப்போனால் வாங்குவதற்கு அதே பெயருடைய, அதே எழுத்துக்கூட்டலை ஏற்றுக்கொள்கிற, கையில் பணமுள்ள இன்னொரு தமிழர் வேண்டும். பெறாமகனுக்கு எது இதை விலைமதிப்பற்றதாக ஆக்குகிறதோ, அதுவேதான் சந்தையில் அதன் விலையைக் கீழே இழுக்கிறது.

'உங்கள் நம்பரின் பெறுமதி இவ்வளவு' என்று இலவசமாக மதிப்பிட்டுச் சொல்லும் விற்பனையாளர்களை நம்பி ஐந்து வருடத்தில் இரட்டிப்பு என்று கணக்குப் போடுவதும் சரியில்லை. மதிப்பீடு என்பது அவர்கள் விளம்பரத்தில் போடும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது வேறு விஷயம். நிலாவெளியில் ஒரு பேர்ச் என்ன விலை என்று கேட்டால் புரோக்கர் ஒரு விலை சொல்வார், நொத்தாரிசுவின் உறுதியில் வேறொரு விலை இருக்கும் அல்லவா. அங்கேயும் மனிதர்கள்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

சொத்தா, உரிமையா?

"காணி மாதிரி இதுவும் ஒரு சொத்துத்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பிரித்தானியச் சட்டப்படி அந்த எழுத்துகளும் எண்களும் எப்போதும் அரசாங்கத்துடையவை. பணம் கொடுத்து வாங்குவது, அந்த நம்பரை ஒரு வாகனத்துக்குப் போட்டுக்கொள்ளும் உரிமையை மட்டும். நம் கோயில்களில் ஒரு திருவிழா உபயம் பரம்பரையாக ஒரு குடும்பத்துக்கு இருக்கும். அந்த நாள் உங்களுடையது, ஆனால் கோயிலில் ஒரு கல்லைக்கூட விற்க முடியாது. ஏறத்தாழ அப்படித்தான் இதுவும்.

இந்த உரிமை கடதாசி வடிவில் இருக்கும்போது அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். பத்து வருடம் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே போகலாம், புதுப்பிப்பதற்குக் கட்டணம் இல்லை. நம்பர் காரில் ஏறிவிட்டால் உரிமை அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போய்விடும். ஆகவே 'என் பெயரில் வாங்கி வைத்தால் பாதுகாப்பு' என்ற உங்கள் யோசனை சரிவராது. சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும்வரை நம்பர் எந்தக் காரிலும் ஓடாது. காரில் ஓடத் தொடங்கிய பிறகு அதில் உங்களுக்கு ஒரு பிடியும் இல்லை. உவர்மலையில் இருந்துகொண்டு சுவான்சிக்குக் கடிதம் எழுதும் தலைவலி மட்டும் மிஞ்சும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. காரை விற்கும்போது நம்பரைக் கழற்றி வைக்காவிட்டால் அது காரோடு போய்விடும். 80 பவுண் கட்டிக் கழற்றி வைத்தால்தான் மிஞ்சும். விபத்தில் கார் முழுச் சேதமாகி, காப்புறுதி நிறுவனம் காசைக் கொடுத்து காரை எடுத்துக்கொண்டாலும் இதே கதி. காசைக் கையில் வாங்கும் முன்பே 'நம்பர் எனக்கு வேண்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும். பெறாமகனின் கார் சொந்தமா லீசிங்கா என்று கேளுங்கள். லீசிங் என்றால் நிதி நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், திருப்பிக் கொடுக்கும் முன் நம்பரைக் கழற்றிவிடவும் வேண்டும். 7,000 பவுண் பொருளை, ஒரு படிவம் நிரப்ப மறந்ததால் இழந்தவர் என்று அவர் பெயர் வரக்கூடாது.

7,000 பவுண் எங்கிருந்து வருகிறது?

அந்த விலையை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே விற்பனையாளர்கள் பெரிய எழுத்தில் போடும் விலையில் வற் வரியும் 80 பவுண் மாற்றுக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். எல்லாம் சேர்த்துக் கையால் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

அரச ஏலத்தில் எடுத்தால் எப்படி ஏறும் என்று ஒரு கணக்குக் காட்டுகிறேன். ஒரு நம்பரை 3,000 பவுணுக்குக் கேட்டு வென்றார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 வீதம் வற், 600. வாங்குபவர் கட்டணம் 8 வீதம், 240. அந்தக் கட்டணத்துக்கும் வற், 48. மாற்றுக் கட்டணம் 80. மொத்தம் 3,968 பவுண். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறிவிட்டது. ஏலத்தில் தோற்றவரும் இதையெல்லாம் சேர்த்துத்தான் மனக்கணக்குப் போட்டிருப்பார் என்பது நியாயமான வாதம். ஆனால் அவர் அடுத்த வருடமும் அதே நம்பரைத் தேடிக்கொண்டு நிற்பார் என்று யார் உறுதி சொல்வது? விற்கும்போது தரகு வேறு போகும். காணிக்குக் குத்தகை வரும், தென்னைக்குத் தேங்காய் வரும், வங்கியில் போட்டால் வட்டி வரும். நம்பர் பிளேட் காரின் முன்னாலும் பின்னாலும் சும்மா இருக்கும். பாவம், அது வேறு என்ன செய்யும்?

அதைவிட நல்ல வழி: அரச நிறுவனத்தின் சொந்த விற்பனைப் பட்டியலில், இதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத நம்பர்கள் ஏராளமாக இருக்கின்றன. அப்பாவின் முழுப் பெயர் வராவிட்டாலும் முதலெழுத்துகளும் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்களும் சேர்ந்த ஒன்று சில நூறு பவுணுக்குள் அகப்படக்கூடும். ஒரு நிபந்தனை: நம்பரில் இருக்கும் வருடக் குறி, காரை உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டக்கூடாது. 2001 செப்டெம்பருக்குப் பிறகு வந்த நம்பர்களில் நடுவிலுள்ள இரண்டு எண்கள் அந்த வருடத்தைக் குறிக்கும். 2018 இல் பதிந்த காரில் 24 போட முடியாது. பழைய நம்பரைப் புதிய காரில் போடுவதற்குத் தடையில்லை.

இன்னொன்று, இதைப் பெறாமகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். தகட்டில் எழுத்துகளைத் தள்ளி, நெருக்கி, கறுப்பு ஆணியை எழுத்துக்கு நடுவில் அடித்துப் பெயரைப் போல வாசிக்க வைக்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எழுத்தின் உயரம் 79 மில்லிமீற்றர், அகலம் 50, இரண்டு எழுத்துகளுக்கிடையே 11, இரண்டு தொகுதிகளுக்கிடையே 33 என்று மில்லிமீற்றர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். மீறினால் 1,000 பவுண் வரை தண்டம். எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையிலும் கார் தேறாது. தொடர்ந்து செய்தால் நம்பரையே பறித்துக்கொள்ளலாம், காசு திரும்பாது. இடைவெளியை மாற்றினால்தான் அப்பாவின் பெயர் வாசிக்க வருகிறது என்றால், அந்த நம்பரில் அப்பாவின் பெயர் இல்லை. வாங்குவதற்கு முன், சரியான இடைவெளியோடு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பெயரே சொல்லாமல் தன் அம்மாவிடம் காட்டட்டும். அவர் வாசித்துவிட்டால் பிறகு யோசிக்கலாம்.

இங்கே கொண்டுவந்து பூட்டலாமா?

முடியாது ஐயா. நம் நாட்டில் நம்பர் வாகனத்தோடு பிறந்து வாகனத்தோடு போவது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் உங்கள் காருக்குக் கொடுத்த இலக்கம் மட்டும்தான் அதில் இருக்கலாம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி வேறு இலக்கத்தோடு ஓடுவது குற்றம். 2023 ஜனவரியிலிருந்து மாகாண எழுத்துகள் தேவையில்லை என்றானதால், தகட்டில் கிழக்கு மாகாணத்தைக் குறிக்கும் 'ஈபி' இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லலாம். அது திணைக்களம் தந்த சலுகை, நாமாக எதையும் சேர்க்கவோ அழிக்கவோ தந்த அனுமதி அல்ல. உங்கள் பேரன் மோட்டார் சைக்கிள் தகட்டை வளைந்த எழுத்தில் செய்து போட்டிருக்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதையும் பொலிஸ் மறிக்கும் முன் கழற்றச் சொல்லுங்கள்.

வாசலில் தம்பியின் பெயர் நிற்கவேண்டும் என்றால் வீட்டுக்கு அவர் பெயரை வைத்து மதிலில் ஒரு பலகை பதியுங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம், 4 உம் 1 உம் தேவைப்படாது.

காணி: உண்மையான சிக்கல்

இனி, எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதி.

தம்பி எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்து விற்கலாம் என்று நினைக்கிறீர்கள். அது இப்போது வெறும் கடதாசி. எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே அதன் அதிகாரம் முடிந்துவிட்டது. இறப்பு லண்டனில் நடந்தது, இங்கே யாருக்கும் தெரியாது என்பதால் அது உயிர்பெறாது. அதை வைத்து நீங்கள் கையெழுத்துப் போட்டால் உறுதி செல்லாமல் போவது ஒரு பக்கம். இறந்தவரின் பெயரில் காணி விற்றதாக உங்கள் மேல் முறைப்பாடு வந்தால், இந்த வயதில் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டிவரும். நல்ல எண்ணத்தோடு பெறாமகனுக்கு உதவப்போன பெரியப்பா என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது, அந்தக் காணி பெறாமகனுடையது என்று நீங்கள் இருவருமே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். தம்பி லண்டனில் வாழ்ந்தாலும் இலங்கையில் உள்ள காணிக்கு இலங்கைச் சட்டம்தான். உங்கள் குடும்பம் பல தலைமுறையாகத் திருகோணமலை என்று எழுதியிருப்பதால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமை இங்கே வராது, பொதுச் சட்டம் வரும். மரணசாசனம் இல்லாதபோது அதன்படி அரைவாசி மனைவிக்கு, மிச்ச அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாக. நாற்பது பேர்ச்சஸில் இருபது உங்கள் தம்பியின் மனைவிக்கு, பத்து மகளுக்கு, பத்து மகனுக்கு.

இப்போது திரும்பப் பாருங்கள். அவர் விற்கச் சொல்வது பத்துப் பேர்ச்சஸ். 'கொஞ்சத்தை வித்து அனுப்புங்கோ' என்று அவர் சொல்வது, சட்டப்படி அவருக்கு நிலாவெளியில் உள்ள முழுப் பங்கும். அவருக்கே இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பத்தும் எந்த மூலையில் என்று எவரும் காட்டவும் முடியாது. பிரிபடாத பங்கு அது. மூவரும் ஒத்துக்கொண்டு பிரிக்க வேண்டும், இல்லையென்றால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்குடைமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டும். பிரிபடாத பங்கை வாங்க வருபவர் அதன் சிக்கலைக் கணக்கிட்டு விலையை அடிப்பார். முற்பணத்தோடு வந்த புரோக்கர் இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னாரா?

மூன்றாவதாக, திரும்பி வரமுடியாத ஒரு கதவு. பெறாமகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லையென்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டப்படி அவர் இங்கே காணி வாங்க முடியாத வெளிநாட்டவர். தகப்பன் வழியில் வாரிசாக வருவதற்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அதாவது இன்று அவர் கையில் இருக்கும் பங்கு, சும்மா இருந்தால் அவருடையது. விற்றுவிட்டு, பத்து வருடம் கழித்து, பிள்ளைகளோடு வந்து கடற்கரையோரம் ஒரு துண்டு வாங்குவோம் என்று ஆசைப்பட்டால், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால்தான் முடியும். நம்பர் பிளேட்டை அவர் எத்தனை முறையும் வாங்கலாம், விற்கலாம், திரும்ப வாங்கலாம். நிலாவெளிக்கு அந்த வசதி கிடையாது.

காசு அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காணி விற்ற பணத்தை நீங்கள் நினைத்தபடி லண்டனுக்கு அனுப்ப முடியாது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற வங்கி ஊடாக, அதற்கென்று உள்ள கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். உச்சவரம்பு வர்த்தமானியில் அவ்வப்போது மாறும். விற்பனையில் வந்த இலாபத்துக்கு ஆதாய வரியும் இருக்கிறது. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றும் 'உண்டியலில் போட்டுவிடலாம், ஒரே நாளில் கிடைக்கும்' என்று எவராவது சொன்னால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெறாமகனிடம் என்ன சொல்வது?

சட்டம் பேசி அவரை மடக்க வேண்டாம். அவர் உங்களிடம் வந்தது பணத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைப் பற்றிக் கதைக்க அவருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய ஆள் நீங்கள்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மகன், அப்பாவின்ர பேரைக் காரில போடுறது எனக்கும் சந்தோசம். அதை உன்ர உழைப்பில, உன்னால தாங்கக்கூடிய விலையில வாங்கு. ஐந்நூறு பவுணுக்குள்ள ஒண்டு பார், அதில ஒரு பங்கை நானே பரிசா வைக்கிறன். ஆனா காணியைப் பற்றி அம்மாவோடயும் தங்கச்சியோடயும் கதைச்சுப்போட்டு, நாலு பேரும் ஒண்டா இருந்து முடிவெடுப்பம்." பரிசு கொடுப்பதாக இருந்தால் அவர் இங்கே வரும்போது கையில் கொடுங்கள்.

அவர் அப்போதும் 7,000 பவுண் நம்பர்தான் வேண்டும் என்றால், தன் சேமிப்பில் வாங்கட்டும். அது அவருடைய காசு, அவருடைய விருப்பம். வளர்ந்த பிள்ளை கொஞ்சம் ஆடம்பரம் செய்தால் வானம் இடிந்து விழாது. முதலீடு என்று மட்டும் அவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கடன் அட்டையில் வாங்குகிறார் என்றால் மட்டும் நீங்கள் குரலை உயர்த்தலாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: தம்பியின் மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளை லண்டனிலிருந்து எடுங்கள். காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, இங்கே ஒரு சட்டத்தரணி ஊடாகக் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, கடைசியாக யார் பெயரில் பதிவு நிற்கிறது என்று பாருங்கள். வாரிசுகளின் பெயருக்கு மாற்ற டெஸ்டமென்டரி வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குச் சேர்க்க நீதிமன்றத்தில் நடத்தும் வழக்கு, தேவையா என்பதை அதன் பிறகு அவர் சொல்வார். மூன்று வாரிசுகளும் உங்களைத் தொடர்ந்து காணியைப் பார்க்கச் சொல்வதாக இருந்தால், லண்டனில் உள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திய புதிய அற்றோணித் தத்துவம் ஒன்றை மூவரும் எழுதி அனுப்ப வேண்டும். அதில் 'பராமரிக்க' என்று மட்டும் இருந்தால் போதும், 'விற்க' என்ற சொல் இப்போது வேண்டாம்.

அந்தப் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை, இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.